வியாகுலம்மாள் மறைத்த சீட்டு

டாக்டர் பொன்னுத்துரையிடம் ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் கேள்வி கேட்பதில்லை. திண்டுக்கல்லில் அது எழுதாத சட்டம். கைராசிக்காரர். ரெட்டியார்சத்திரத்திலிருந்து எரியோடு வரைக்கும் வீட்டுக்கு ஒரு வயிற்றில் அவர் போட்ட தையல் இருக்கும். ஆபரேஷன் அன்று காலையில் அவர் வார்டுக்குள் நுழைந்ததும் பெண்கள் அவருடைய வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அவரும் கையைக் கொடுத்துவிட்டு நிற்பார். அவர் வாயால் ஒரு தேதி சொல்லிவிட்டால் அதை மாற்றக் கூடாது, மாற்றினால் ராசி போய்விடும் என்று ஒரு பேச்சு வேறு. இதைக் கேட்டாலே ரீனாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ரீனா அவர்கள் குடும்பத்தில் காலேஜுக்குப் போன முதல் ஆள். விலங்கியல் படித்துவிட்டு நாகல் நகரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் அறிவியல் எடுக்கிறாள். அவளுடைய அம்மா வியாகுலம்மாளுக்கு எட்டு மாதமாகத் தீட்டு நிற்கவில்லை. வெங்காயக் காட்டில் களை எடுக்கும்போது இரண்டு தடவை மயங்கி விழுந்த பிறகுதான் வாயைத் திறந்து சொன்னாள். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி தெரிந்தது.

"எடுத்துடலாம். அடுத்த புதன்கிழமை" என்றார் பொன்னுத்துரை.

"மாத்திரையில சரியாகாதா டாக்டர்?" என்று ரீனா கேட்டாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. அப்பா ஞானதாஸைப் பார்த்தார். "பொண்ணு படிச்சிருக்கோ?"

"சின்னப்புள்ளைங்க, தெரியாமக் கேட்டுருச்சு" என்று ஞானதாஸ் எழுந்தே நின்றுவிட்டார். வெளியே வந்ததும் மகளிடம், "ஏத்தா, அவருகிட்டயா போய் பரீட்ச வைக்கிற?" என்றார்.

திங்கட்கிழமை ரத்தம் பரிசோதித்து, சீட்டை நர்ஸிடம் கொடுக்க வேண்டும். அன்றைக்கு ரீனாவுக்குப் பள்ளியில் பரீட்சை. அம்மாவும் அப்பாவும் போய்வந்தார்கள். சாயங்காலம் ரீனா விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டாள்: "ரத்தம் எப்பிடிம்மா இருக்காம்?"

"எல்லாம் நல்லாயிருக்குடி."

அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. டாக்டரிடம் கேட்கத் தெரிந்தவளுக்குப் பெற்ற தாயிடம் சீட்டைக் காட்டு என்று சொல்லத் தோன்றவில்லை.

புதன்கிழமை காலையில் அம்மாவுக்குப் பச்சை அங்கியைப் போட்டுவிட்டார்கள். நர்ஸ் அமலராணி தோட்டைக் கழற்றச் சொன்னாள். ரீனா அதை அம்மாவின் சுருக்குப்பைக்குள் போடப் போனபோது, வெற்றிலைக்கு அடியில் எட்டாக மடித்த காகிதம் ஒன்று கையில் தட்டியது. பிரித்தாள். லேப் சீட்டு. ஹீமோகுளோபின் ஆறு புள்ளி நாலு. அடியில் சிவப்பு மையால் இரண்டு கோடு.

பெண்களுக்குப் பன்னிரண்டு இருக்க வேண்டும் என்று போன வாரம்தான் எட்டாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

நர்ஸின் மேஜையில் ஃபைல் கிடந்தது. நோயாளி வீட்டார் அதைத் திறக்கக் கூடாது. திறந்தாள். ரத்தத்துக்கான கட்டத்தில் பத்து புள்ளி எட்டு என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

"அக்கா, இதை யாரு எழுதுனது?"

"நாந்தேன்" என்றாள் அமலராணி. "சீட்டு எங்கம்மான்னேன். வீட்டுல இருக்கு, ரத்தமெல்லாம் நல்லாயிருக்குன்னாங்க. கட்டம் காலியா இருந்தா மயக்கம் குடுக்குற டாக்டர் கத்துவாரு. அவரு நாலு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்ல."

"அதுக்காக நீங்களா ஒரு நம்பரப் போடுவீங்களா?"

அமலராணி சீட்டை வாங்கிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. அதற்குள் ஸ்ட்ரெச்சர் தியேட்டர் வாசலுக்குப் போயிருந்தது. ரீனா ஓடிப்போய் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுடி" என்றாள் வியாகுலம்மாள் படுத்தபடியே.

"ஊரு முன்னால மானத்த வாங்காத" என்று அப்பா கையை இழுத்தார். அவள் விடவில்லை.

தொப்பியும் முகமூடியுமாகப் பொன்னுத்துரை வெளியே வந்தார். ரீனா சீட்டை நீட்டினாள். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். ஒரு எண்ணைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"இதை ஏம்மா மறைச்சீங்க?"

"லேப்புல இருந்த புள்ள, ரத்தம் பத்தாது, தேதிய தள்ளிப் போட்டுருவாகன்னுச்சு" என்றாள் வியாகுலம்மாள். "நீங்க வாயால சொன்ன தேதி சாமி. அது தப்பலாமா? ஒங்க கை பட்டா அம்புட்டும் சரியாயிரும்னு நெனச்சேன்."

வேடிக்கை பார்க்க வந்து நின்ற வார்டுப் பெண்கள் தலையை ஆட்டினார்கள். அவர்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

பொன்னுத்துரை ரீனாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முகமூடியைக் கழற்றியதும் சாதாரண ஆளாகத் தெரிந்தார், வயதும் கூடிவிட்டது.

"உங்கம்மா பொய் சொன்னா நான் என்ன பண்ண முடியும்?"

"போன வாரம் அவங்க கண்ணு இமைய இறக்கிப் பாத்தீங்களே டாக்டர். வெளுத்திருந்துச்சா?"

"இருந்துச்சு. அதனாலதான் டெஸ்ட் எழுதினேன்."

"அப்ப இன்னிக்கு ஃபைல்ல பத்து புள்ளி எட்டுன்னு பாத்ததும் சந்தேகம் வரலையா?"

அவர் மேஜை மேல் இருந்த பேனாவை மூடினார். "இன்னிக்கு ஆறு கேஸும்மா."

"எங்கம்மா உங்கள நம்பிப் பொய் சொன்னாங்க. நர்ஸு எங்கம்மாவ நம்பி எழுதுனாங்க. நீங்க நர்ஸ நம்புனீங்க. அறுத்த பெறகு ரத்தம் நிக்கலேன்னா என்ன ஆயிருக்கும்?"

"டேபிள்லயே போயிருப்பாங்க" என்றார் அவர். மறைக்கவில்லை.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். ஊருக்குப் போனால் கதை வேறு மாதிரி முந்திக்கொண்டு நின்றது. ரத்தம் கம்மி என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துப் பொன்னுத்துரை திருப்பி அனுப்பிவிட்டாராம், வேறு டாக்டராக இருந்தால் அறுத்துப் போட்டிருப்பாராம். ரீனா மறுத்துப் பார்த்தாள். "இவளுக்கு எல்லாத்துலயும் குத்தம்" என்றார்கள். வியாகுலம்மாள் மகளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, தட்டைத் தள்ளிவிட்டுப் போய்விடுவாள்.

வேறு டாக்டரிடம்தான் அறுக்க வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு, ரீனா ஸ்கேனை அரசு மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டரிடம் தனியாகக் கொண்டுபோய்க் காட்டினாள். அந்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெரிய கட்டி. மாத்திரைக்குக் கேக்காது. எடுக்கத்தான் வேணும். யாருகிட்ட போறீங்க? பொன்னுத்துரையா? நல்லா பண்ணுவாரே."

பஸ்ஸில் திரும்பும்போது ரீனாவுக்கு அழுகை அழுகையாக வந்தது. அந்த ஆள் முழு மோசக்காரராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். ஆபரேஷன் சரி, கை சரி. ஒரு எண்ணைப் பார்க்க மட்டும் நேரமில்லை.

மூன்று வாரம் கழித்து, ஆபரேஷன் அன்று காலையில் லேப் ஜன்னலை விட்டு அவள் நகரவில்லை. சீட்டு வந்ததும் யார் கையிலும் கொடுக்காமல் நேராகப் பொன்னுத்துரையின் மேஜையில் வைத்தாள். பத்து புள்ளி ஒன்று. அவர் படித்து, ஃபைலில் தானே எழுதி, வியாகுலம்மாளின் கீழ் இமையை மறுபடி இறக்கிப் பார்த்தார். ரத்தமும் இரண்டு பாட்டில் தயாராக இருந்தது.

வார்டில் வியாகுலம்மாள் மூன்று வாரத்தில் முதல் தடவையாக மகளிடம் வாயைத் திறந்தாள். "என்ன, வாத்தியாரம்மா கேள்வியெல்லாம் கேட்டு முடிச்சாச்சா?"

"ஒன்கிட்ட ஒண்ணு பாக்கி. இன்னிக்கு ஏதாச்சும் மறச்சு வச்சிருக்கியா?"

வியாகுலம்மாள் ஞானதாஸைப் பார்த்தாள். ஞானதாஸ் மின்விசிறியைப் பார்த்தார்.

"காலையில செத்த டீத்தண்ணி குடிச்சேன்."

"வெறும் வயிறா வரணும்னு சொன்னாங்கல்ல?"

"சோறா தின்னேன்? தண்ணிதான. அவருதேன் கடையில வாங்கிக் குடுத்தாரு."

"எத்தன மணிக்கு?"

"ஏழு இருக்கும். பால் டீதான்" என்றார் ஞானதாஸ் மெதுவாக. "வாடிப்போயிருந்தா ஆத்தா. மனசு கேக்கல."

ரீனா போய்ச் சொன்னாள். பொன்னுத்துரை கட்டிலருகே வந்து நின்றார். "இதை நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"ஒங்ககிட்ட எப்பிடிங்க சொல்றது" என்றாள் வியாகுலம்மாள், வெட்கப்பட்டுக்கொண்டு.

அவர் ஆபரேஷனை இரண்டு மணிக்கு மாற்றிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். அந்தப் பெண்ணும் முழித்தாள்.

இரண்டு மணிக்கு ஸ்ட்ரெச்சர் வந்தது. ரீனா ஒதுங்கி வழிவிட்டாள். கதவு மூடிய பிறகு கேட்பதற்கு ஆளும் இல்லை, திறந்து பார்க்க ஃபைலும் இல்லை. அந்த ஒன்றரை மணி நேரம் அவளும் மற்றவர்களைப் போலப் பெஞ்சில் உட்கார்ந்துதான் இருக்க வேண்டியிருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

மூன்றரைக்குப் பொன்னுத்துரை வந்தார். "நல்லபடியா முடிஞ்சுது. ரத்தம் ஒரு பாட்டில்தான் செலவாச்சு" என்றார். பின்னால் அமலராணி ஒரு தட்டோடு நின்றாள், எடுத்ததைக் காட்டுவதற்காக.

ஞானதாஸ் கைகூப்பினார். "வேணாம் சாமி. நீங்க எடுத்தா சரியாத்தான் இருக்கும்."

"காட்டுங்க" என்றாள் ரீனா.

அமலராணி துணியை விலக்கினாள். ரீனா குனிந்து, கட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டாள். பொன்னுத்துரை ஒரு இடுக்கியை வாங்கி, பக்கத்தில் நின்று, காட்ட ஆரம்பித்தார்.