வீட்டு மேல பாசம்

துவைத்துப் போட்ட துணி காய்வதற்குள் நாற்றம் எடுத்துவிடும் ஊர் அது. அங்கே ஓட்டு வீடு வைத்திருந்தால் கூரை கறுப்பும் பச்சையுமாகத்தான் இருக்கும். அப்படி ஒரு கூரை உள்ள வீட்டை வாங்கப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருகிறார்கள். வீட்டை விற்றே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்ற தம்பிக்காக, அக்காவும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு தலையாட்டியிருந்தாள். தனக்கு ஒரு வாடகை வீடுகூடப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். விலை படிய வேண்டுமே என்ற அக்கறையில்தான் தம்பிக்குச் செய்தி அனுப்பினாள்: "வீட்டு மேல பாசம் ரொம்பக் கூடிப்போச்சு. இப்படியே விக்க முடியாது. ஒரு நடை வந்துட்டுப் போ."

தம்பி பதறிவிட்டான். அம்மா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்தபோது கிடைக்காத லீவு, மறுநாளே கிடைத்தது. கூடவே ஒரு வக்கீலும் கிடைத்தார்.

அக்கா ஏணி மேல் நின்றிருந்தாள். கீழே செடிகளுக்கு பிளாஸ்டிக் தாள் போர்த்தியாயிற்று. ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஓட்டில் தெளித்து, ஊறவிட்டு, பிரஷால் பதமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, திடீர்னு பாசம் பொத்துக்கிட்டு வருது?" என்றான் தம்பி, வாசலிலிருந்தே.

"திடீர்னு என்னடா? மழைக்காலம் முழுக்க வளந்துச்சு."

"யாரு தூண்டிவிட்டா? அம்மாவைப் பாத்துக்கிட்டதுக்குக் கூலி வேணுமா? நேராக் கேளேன்!"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வீட்டில் யாரும் பாசி என்று சொன்னதே கிடையாது. "பாசம் இருக்கு, பாத்து நடடா" என்று அம்மா கத்தக் கத்தத் துவைக்கிற கல்லில் குதித்து முன்பல்லை உடைத்துக்கொண்டவன் இவன்தான். கட்டின அந்தப் பல்லைக் காட்டிக்கொண்டுதான் இப்போது கத்துகிறான்.

"டேய், இந்தப் பாசம்டா!" பச்சை ஒழுகும் பிரஷை நீட்டினாள்.

வக்கீலுக்கு முதலில் புரிந்தது. அவர் நாசூக்காக எங்கேயோ பார்த்தார். தம்பி ஒரு நிமிஷம் விழித்தான். பிறகு முகமெல்லாம் மலர்ந்தான்.

"அட, இதானா! நான் பயந்தே போயிட்டேன். சரி சரி, நல்லாத் தேய். ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும்ல?"

கூலி என்றதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். இந்த 'நல்லாத் தேய்'தான் வயிற்றைப் பற்றவைத்தது.

"முடிஞ்சிடும். ஆனா யாரையும் கூட்டிட்டு வராதே. நான் விக்கல."

"விளையாடுறியா? வக்கீல் சார், சொல்லுங்க சார்!"

"அவங்க கையெழுத்தும் வேணுமே," என்றார் வக்கீல்.

தம்பி ஏணியடிக்கு ஓடினான், குதித்தான், கோர்ட்டு என்றான். ஓட்டிலிருந்து வழிந்த தண்ணீர் அவனுடைய கறுப்பு பேன்ட்டில் சொட்டியது. அது வெளுக்கும் என்று அவள் சொல்லவில்லை.

கடைசியில் குரலைக் குழைத்தான். "அக்கா, என் மேல துளியாவது பாசம் இருந்தா கையெழுத்து போடுவே."

அவள் பிரஷைத் தண்ணீரில் அலசினாள்.

"இருந்துச்சுடா. இப்பதான் தேய்ச்சுக் கழுவினேன்."