யாருடைய ஊசி என்று கேட்கக்கூடாது

...வலிக்கவே இல்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை, எறும்பு கடித்தால்கூட கையை உதறுகிறோம், இந்த ஊசி கையுறையைத் தாண்டி நடுவிரலுக்குள் இறங்கி, ரப்பருக்குள் லேசாக ஈரம் தெரிந்த பிறகுதான் ஓ, குத்திவிட்டதா என்று தோன்றியது, அதற்குள் அது வெளியேகூட வந்துவிட்டது. வேன் குண்டும் குழியுமான ரோட்டில் குதிக்கிறது, பின்னால் காலி கேன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தடதடக்கின்றன, எதிரே ஈ காக்கை இல்லை, டிரைவர் ஹாரன் அடிக்கிறார். அதனால்தான் அவருக்குப் பேரே ஹாரன். "யாருக்குண்ணே அடிக்கிறீங்க?" "நம்ம வர்றோம்னு தெரிய வேணாமா தங்கச்சி? என்ன திருட்டு வேலைக்கா போறோம்?" அவள் சிரித்துவைத்தாள். திருட்டு வேலைதான் அண்ணே, வீட்டில் தையல் டப்பாவுக்குள், நூல்கண்டுக்கு அடியில் மாத்திரை ஒளித்து வைத்திருக்கிறேன், வீட்டுக்காரர் பல் தேய்க்கப் போகிற நேரம் பார்த்து முழுங்குகிறேன், குமட்டிக்கொண்டு வந்தால் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுக்கிறேன், இதைவிடத் திருட்டு என்ன இருக்கிறது... நேற்று அவர் டம்ளரில் மிச்சம் வைத்த டீயை எப்போதும்போல நீட்டினார், இவள் வேண்டாம் என்று எழுந்துபோனாள். "என்னடி, எனக்கு வாய் நாறுதா? ஒரு வாரமா முதுகு வலின்னு தரையில படுக்குற, டம்ளரைப் பாத்தா ஓடுற. நான் பஞ்சர் ஒட்டுறவன்தான், சொல்யூஷன் வாசனை இப்பதான் உனக்குத் தெரியுதா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துக்கொண்டே சொல்வதுதான் பயமாக இருக்கிறது. எச்சில் டீயில் எச்.ஐ.வி. ஒட்டாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், அவளுக்கே தெரியும், ஊர் ஊராக அதைத்தானே பேசிக்கொண்டு திரிகிறாள், ஆனால் தெரிந்தது வாய்க்கு, கை கேட்கமாட்டேன் என்கிறது.

"யாரு ஊசின்னு தெரியுமா?" அன்றைக்கு டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி அது. "தெரிஞ்சா அவங்களுக்கு ஒரு டெஸ்ட் எடுத்துடலாம். ஒண்ணும் இல்லன்னா நீங்களும் நிம்மதியா இருக்கலாம், இந்த மாத்திரையையும் நிறுத்திடலாம்." தெரியாது மேடம் என்றாள். தெரியக்கூடாது என்பதற்காகத்தானே பழைய ஊசி போடுகிற அந்தப் பெட்டியையே அப்படி வைத்தாள்... பால் சொசைட்டிக்கு முன்பக்கம், நாலு பேர் பார்க்கிற மாதிரி வைக்கலாம் என்றார் ஆபீசர், யார் போடுறாங்கன்னு ஒரு கணக்கு வேண்டாமா என்றார். "தெரிஞ்சா ஒருத்தரும் போட மாட்டாங்க சார்" என்று மல்லுக்கட்டி, பின்பக்கச் சுவரில், குழாயடிக்கு மேலே, ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து மாட்டவைத்தாள். ஊசி இருக்கிற வீடு, இல்லாத வீடு என்று பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் ஒரு கெட்டி கேன், நிறைந்ததும் மூடியை இறுக்கிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். யாருடைய ஊசி என்று யாரும் கேட்கமாட்டோம், நான் கேட்கமாட்டேன், வாசல் வாசலாக நின்று அவளே சொன்ன வார்த்தை. அதற்கு முன்னால் சுகர் ஊசி, போதை ஊசி எல்லாம் வாய்க்கால் ஓரத்தில்தான் கிடக்கும், புல் அறுக்கப் போன ஒரு பெண்ணின் குதிகாலில் ஏறியது, ஒரு எருமை நாக்கில் ஊசியோடு வந்து நின்றது, அந்த எருமை வாயைத் திறந்து திறந்து மூடியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பெட்டி வந்த பிறகு வாய்க்கால் சுத்தம். இப்போது ஒரே ஒரு வீட்டில் போய் ஒரே ஒரு தடவை கேட்டால்... சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் பரவிவிடும், ஊசிக்காரம்மா கேக்குறாங்களாம், பிறகு பெட்டி காலியாகத் தொங்கும், வாய்க்கால் நிறையும். ஆனால் கேட்காமல் எப்படி இருப்பது? உடம்பு என்னுடையது இல்லையா?

ஹாரன் வண்டியை நிறுத்தினார். கேன்களைத் தோளில் கோத்துக்கொண்டு அவள் தெருவுக்குள் நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு முகம், வாங்கக்கா, தண்ணி குடிக்கிறீங்களா, இந்தத் தடவை கேன் ஏன் இவ்ளோ லேட்டு, "ஆபீஸ்ல இருந்து வரலம்மா, வந்ததும் கொண்டாந்துட்டேன்", எல்லாரும் சிரிக்கிறார்கள், அவள் எல்லாருடைய கையையும் பார்க்கிறாள், முழங்கை மடிப்பைப் பார்க்கிறாள், நீயா, நீயா, உன் வீட்டுக்காரனா... என்ன புத்தி இது, போன வாரம்வரை இந்த முகங்களை முகமாகத்தானே பார்த்தேன். கேன் வராத அந்த இடைவெளியில்தான் யாரோ ஊசியை ஷாம்பு பாட்டிலில் போட்டிருந்தார்கள், மூடியின் மரை தேய்ந்துபோயிருந்தது, மூடி கழன்றுவிடக்கூடாதே என்று கழுத்தைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூலால் வரிந்து வரிந்து கட்டியிருந்தார்கள். எனக்குக் குத்திவிடக்கூடாது என்று நினைத்த ஒரு கை. பெட்டியைத் திறந்து அந்த முடிச்சை ஒரு கையால் பிடித்துத் தூக்கினபோதுதான் மூடி நூலோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு வந்து, ஊசி விரலில் ஏறியது.

கடைசி வீட்டு வாசலில் அந்தச் சிவப்பு நூல் இருந்தது. நாற்காலி மேல் உருண்டையாக, பாதி பின்னிய ஸ்வெட்டரின் கைப்பகுதியில் இரண்டு குச்சிகள் குத்தி நிற்க. நூல் யாரிடம் வேண்டுமானாலும் இருக்கும், சந்தையில் மூட்டை மூட்டையாக விற்கிறார்கள்... ஸ்வெட்டர் பின்னுகிற பெண் கதவைத் திறந்தாள், முழுக்கத் திறக்கவில்லை, தன் உடம்பு அளவுக்குத் திறந்து அந்த இடைவெளியிலேயே நின்றாள். அவள் தோளுக்கு மேலே பின்பக்க ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் பால் சொசைட்டியின் சுவர், குழாயடி, பெட்டி.

"கேன்" என்று நீட்டினாள். ஸ்வெட்டர்க்காரி வாங்கிக்கொண்டாள், வாங்கின பிறகும் இவள் கையையே பார்த்தாள். நடுவிரலை. விரலில் இப்போது ஒன்றுமே இல்லை, கட்டு இல்லை, தழும்பு இல்லை. கேட்டுவிடு, ஒரு வார்த்தைதான், நாக்கு நுனியில்தான் நிற்கிறது, கேட்டுவிட்டால் இன்றைக்கு ராத்திரி தூங்கலாம்...

"அக்கா." ஸ்வெட்டர்க்காரி குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்குக் குழாயடியில ரொம்ப நேரம் கை கழுவினீங்களே, பாத்தேன். பயப்படாதீங்கக்கா. அது சுகர் ஊசிதான்."

உள்ளே, திரைக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. யாரோ புரண்டு படுக்கிறார்கள், அல்லது எழுந்து உட்கார்ந்து காது கொடுக்கிறார்கள்.

சுகர் ஊசி மயிரிழை மாதிரி இருக்கும். அவள் விரலில் இறங்கினது நீளமானது, பச்சைக் கழுத்து வைத்தது, அதைத் தன் கையாலேயே பெட்டிக்குள் போட்டாள். அதை இவளிடம் சொல்லவா? இந்த முகத்திடமா, இந்தக் கண் என்ன இப்படிக் கெஞ்சுகிறது, என்னை நம்பச் சொல்லியா, கேட்காதே என்று சொல்லியா, கட்டிலில் இருப்பவருக்காகவா, இல்லை உண்மையிலேயே நான் தூங்கவேண்டும் என்றா...

"சரிம்மா" என்றாள். "சரி. இனிமே இந்தக் கேன்ல போடுங்க."

தெருவைத் தாண்டுவதற்குள் போன் அடித்தது. அவர்தான். பின்னால் கடையில் காற்றடிக்கிற சத்தம். "ஏம்மா, லேப்ல இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு, உன் போன் கிடைக்கலையாம். மறுபடி ரத்தம் குடுக்க வரணுமாம். எதுக்கு ரத்தம்?" டி இல்லை, கிண்டல் இல்லை, ஏம்மா என்கிறார். அவள் நின்றாள். வெயில் சுள்ளென்று அடித்தது, ஹாரன் தூரத்தில் யாருமில்லாத ரோட்டைப் பார்த்து ஒரு தடவை அடித்தார்.

"ஒண்ணுமில்லங்க. வேலையில லேசா குத்திடுச்சு. பயப்படாதீங்க, சுகர் ஊசிதான்."

அதே குரல். அதே தாழ்வு. போனை ஏன் இப்படி இரண்டு கையாலும் மூடிப் பிடித்திருக்கிறாள், கதவை மறைத்துக்கொண்டு நிற்கிறமாதிரி... அந்தப் பக்கம் காற்றடிக்கிற சத்தம் நின்றது.

"சரி" என்றார்.

அப்பாடா என்று வேனைப் பார்த்து நடந்தாள், கதவுக் கைப்பிடியில் கை வைத்தபிறகுதான் உறைத்தது, இப்போதுதான், அந்த வாசலில் நின்று, தானும் இப்படித்தானே நம்பாமலே சரி என்று சொல்லிவிட்டு வந்தோம் என்று.