கேட்டில் கிடந்த போன்

பலவேசத்தின் மரப்பெட்டிக்குள் போனைப் போடும்போது பாண்டிமீனா குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணாச்சி, இன்னிக்கு பெங்களூர்லருந்து கூப்பிடுவாக. அடிச்சா எடுத்து, ஒரு மணிக்கு நான் வருவேன்னு மட்டும் சொல்லிருங்க."

"ஏந்தாயி, என் வேலைக்கு உலை வைக்கவா? பெட்டியில போட்ட போனை வாட்ச்மேன் தொடப்படாது."

பட்டாசு ஆலைக்குள் போன் போகக் கூடாது. எல்லாருடையதும் கேட்டில்தான். திங்களன்று, அவள் வேலைக்கு விண்ணப்பித்திருந்த பெங்களூர் சாஃப்ட்வேர் கம்பெனி அழைத்தபோது அவள் உள்ளே சரவெடி பின்னிக்கொண்டிருந்தாள். இந்த வாரத்துக்குள் இன்னும் ஒரே ஒரு முறை அழைப்போம் என்று மெயில் வந்தது. இன்று வெள்ளி. தீபாவளி சீசனில் லீவு கேட்டால் வேலையே போய்விடும்.

பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. புரோகிராமிங்கை மூன்று வருஷமாக அந்தப் போனிலேயே கற்றாள். கை திரியைப் பின்னும். மனசுக்குள் புரோகிராம் ஓடும். சாப்பாட்டு நேரத்தில் கழிவு லேபிளின் பின்பக்கம் எழுதிவிடுவாள். விண்ணப்பத்தில் டிகிரி கேட்ட கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். உண்மையைச் சொன்ன இரண்டு இடங்களில் அத்தோடு பேச்சு முடிந்திருந்தது.

ஒரு மணிக்கு கேட்டுக்கு ஓடினாள். பலவேசம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எடுத்துட்டேன் தாயி. விடாம அடிச்சிட்டே இருந்துச்சு, மனசு கேக்கல."

"என்ன சொன்னாக?"

"ஒரு பொம்பளப் புள்ள. எங்க இருக்கான்னுச்சு. உள்ள வெடி பின்னுதான்னேன். என்ன படிச்சிருக்கான்னுச்சு. பன்னெண்டாப்புன்னேன்."

"சொல்லிட்டீகளா?"

"பொய்யா சொல்லச் சொல்லுத? அஞ்சரைக்கு வேலை விட்டதும் கூப்பிடுதேன்னு வச்சிருச்சு."

அன்று பிற்பகல் கை மட்டும் பின்னியது. மனசுக்குள் எதுவும் ஓடவில்லை.

ஐந்தரைக்கு ஆலை பஸ் ஹாரன் அடித்தது. அவளோடு சரம் பின்னும் முருகம்மாள் ஜன்னலிலிருந்து கத்தினாள்: "ஏறுடி, திருத்தங்கலுக்கு நடந்தா போவ?"

"நீங்க போங்கக்கா."

பஸ் போயிற்று. ஐந்து நாற்பது. ஐந்து ஐம்பது. மருந்து வாடை போகாத கையில் போன் சும்மா கிடந்தது. கூப்பிட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நின்றாள்.

ஆறு மணிக்கு ஒலித்தது.

"பாண்டிமீனாவா? படிப்பைப் பத்தி உங்க வாட்ச்மேன் சொல்லிட்டார். அது இருக்கட்டும். ஒரு லிஸ்ட்ல ரெண்டு தடவை வர்ற பெயரைக் கண்டுபிடிக்கணும். எப்படி எழுதுவீங்க? பேப்பர் இருக்கா?"

மூன்று வருஷத்தில் ஒருவரும் அவளிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

"இருக்குங்க" என்று இடுப்பில் செருகியிருந்த லேபிளை எடுத்துத் திருப்பினாள். பலவேசம் தன் பேனாவை நீட்டினார்.