ஒரு கொசுகூடக் கடிக்கவில்லை

பூச்சிகளுக்கென்றே ஒதுக்கிய புல்வெளியில் பூச்சிகள் செத்துக்கொண்டிருந்தன. ரிப்பன் வெட்டித் திறந்துவைத்த இடம் என்பதால் மானப் பிரச்சினை. ஒரு பேராசிரியர் தலைமையில் ஆய்வுக் குழு போட்டார்கள்.

பேராசிரியருக்கு இன்னொரு தலைவலி, தங்கை. புல்வெளி ஓரத்தில் அவள் வைத்திருந்த தேனீப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. அதுவும் போனால் அவள் பிழைப்பு போச்சு.

குழு வந்தது, குனிந்தது, படம் எடுத்துக்கொண்டது. வெயிலைச் சந்தேகித்தது, செல்போன் கோபுரத்தைச் சந்தேகித்தது. பூச்சிகளின் மன அழுத்தம் பற்றி ஓர் உறுப்பினர் நெடுநேரம் பேசினார். கேட்டவர்களுக்கு அந்த அழுத்தம் வந்தது. குழு வந்துபோகும்போதெல்லாம் சாவு கூடியது. ஆகவே இனி அடிக்கடி வருவதென்று தீர்மானித்தார்கள்.

அடுத்த வருகையின்போது தங்கை பெட்டியருகே காவல் நின்றாள். "அண்ணா, மண்ணெண்ணெய் மாதிரி வாடை வருதே, உன் மூக்குக்கு லீவா?"

பராமரிப்பு மேலாளர் முகம் மலர்ந்தார். "மருந்தும்மா. பெரியவங்க வர்ற அன்னிக்கு விடியறப்பவே புகை அடிச்சிடுவோம். திறப்பு விழாவுலயே ஆரம்பிச்சாச்சு. சார், இத்தனை தடவை வந்தீங்களே, ஒரு கொசு கடிச்சிருக்கா?"

குழுவினர் தத்தம் கணுக்காலைப் பார்த்துக்கொண்டார்கள். கடிக்கவில்லைதான்.

"அப்ப கொலைகாரன் நீதானா!" என்றாள் தங்கை அண்ணனிடம்.

"மெதுவா பேசு. அறிக்கையில அப்படி எழுத முடியுமா?"

"எழுத வேணாம். வராம இரு."

"வராம எப்படிம்மா ஆராயறது?"

அறிக்கை 'வருகை சார்ந்த காரணிகள்' என்று முடித்துக்கொண்டது. அவற்றைக் கண்காணிக்கப் புல்வெளி நடுவிலேயே ஓர் அலுவலகம் கட்டச் சொன்னது. கட்டினார்கள். அதற்கும் திறப்பு விழா.

முந்தைய நாள் சாயங்காலம் தங்கை கடைசிப் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டி வந்து, அண்ணன் வீட்டுப் பால்கனியில் இறக்கினாள். "பெரிய மனுஷங்க காலே படாத இடம் இதுதான்."

"உன் அண்ணன் இருக்காரே?" என்றாள் அண்ணி.

"வீட்டுக்குள்ள அவனை யாரு அப்படிச் சொன்னது?"

பேராசிரியர் வாய் திறப்பதற்குள் போன் அடித்தது. மேலாளர். "சார், விழா முடிஞ்சு அமைச்சர் உங்க வீட்டுக்கு டீ சாப்பிட வர்றாராமே! விடியக்காலைல ஆளை அனுப்பிடவா?"

அமைச்சரை அழைக்கப் பேராசிரியர் எத்தனை பேரைப் பிடித்திருந்தார்! பால்கனியைப் பார்த்தார். தங்கை பெட்டியை மறைத்து நின்றாள்.

"யாரும் வரலப்பா. வீட்டுல எல்லாருக்கும் அம்மை."

போனை வைத்த கையோடு "ஐயோ!" என்று கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பாடா," என்றாள் தங்கை, "பெட்டி உயிரோடதான் இருக்கு."