துவரையைத் தூங்க வைத்த கோடை

மிக்தாலியா மட்டும் வாயை அடக்கியிருந்தால் அந்தக் கோடை எங்களுக்கு நிம்மதியாகக் கழிந்திருக்கும். அவளுக்கு அந்தப் பழக்கம் பிறவியிலேயே கிடையாது. ஏப்ரலில் ஒருநாள் தோட்டத்து மரக் குடிசை வாசலில் உட்கார்ந்து, போர்ட்டோ ரிக்கோவிலிருக்கும் தன் அக்கா சொராய்தாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டிருந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. தெருமுனை வரை கேட்டது.

"இங்க என்ன இல்ல? தக்காளி இருக்கு, மிளகாய் இருக்கு, துவரை மூட்டை மூட்டையா காய்க்குது."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நியூயார்க்கின் பிராங்ஸில், எரிந்துபோன கட்டடத்தின் மனையைக் கூட்டிப் பெருக்கி நாங்கள் போட்ட தோட்டம் இது. இங்கே துவரை ஆளுயரம் வளரும். அது பூ வைக்கிற நேரத்தில் குளிர் வந்து ஆளையே முடித்துவிடும். எங்களில் ஒருவரும் ஒரு காயைக்கூடப் பறித்ததில்லை. ஆனாலும் வருடா வருடம் போடுவோம். துவரை இல்லாத தோட்டத்தைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் தோட்டமென்றே மதிக்க மாட்டார்கள்.

போனிலிருந்து சொராய்தாவின் குரல் கணீரென்று வந்தது. "அப்படியா? அக்டோபர்ல வரேன். உன் பாத்தியில வெளஞ்ச துவரையப் போட்டு எனக்கு ஒரு பானை சோறு ஆக்கிப் போடு. போட்டேன்னா இனிமே ஊருக்கு வான்னு உன்னக் கூப்பிட மாட்டேன். இல்லேன்னா பெட்டியக் கட்டிக்கிட்டு என்கூட வந்துரு. அம்மா வீட்ல நான் ஒத்தையில கெடக்கேன். அங்க நீ ஒத்தையில கெடக்கே."

"சரிக்கா," என்றாள் இந்த மகராசி.

போனை வைத்ததும் அவள் முகம் வெளிறிப்போனது. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த களைக்கொத்தை வீசியிருப்பேன். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் நான். தோட்டத்துச் சாவி என்னிடம்தான் இருக்கும். வேறு யாரிடம் கொடுத்தாலும் தொலைத்துவிடுவார்கள். மிக்தாலியாவோடு நான் போடாத சண்டையில்லை. அவள் போய்விட்டால் யாரோடு சண்டை போடுவேன்? அந்தக் கேள்வியில் எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

தூக்கம் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தோட்டத்து வாசலில் தெருவிளக்கு வேண்டுமென்று மிக்தாலியா நகராட்சி ஆட்களைப் பல வருடம் துரத்தித் துரத்தி, அந்த வசந்தத்தில்தான் வாங்கியிருந்தாள். விளக்கா அது! கல்யாண மண்டபம் மாதிரி விடிய விடிய எரிந்தது. எதிர்வீட்டு மாடியில் இருக்கும் என் படுக்கையில் ஊசியில் நூல் கோக்கலாம். அந்த விளக்குக்கு நேர் கீழேதான் மிக்தாலியா தன் துவரை நாற்றுகளை நட்டாள். "என் விளக்கு, என் பாத்தி," என்று அதில் ஒரு பெருமை வேறு.

விளக்கால் முதலில் கெட்டது எங்களோடு தோட்டம் போடும் செஃபரினோவின் சேவல். இந்த ஊரில் சேவல் வளர்க்கக் கூடாது. ஆகவே அது சேவலில்லை, குரல் கட்டிய கோழி என்று செஃபரினோ சாதிப்பார். அந்தக் குரல் கட்டிய கோழி விளக்கைப் பார்த்து நடு ராத்திரியில் விடிந்துவிட்டதென்று கூவத் தொடங்கியது. அக்கம்பக்கத்தில் வசவு தாங்க முடியாமல், ஜூனிலிருந்து அவர் தினமும் சாயங்காலம் டோமினோக் காய் ஆட்டத்துக்கு உட்காருவதற்கு முன்பே கூண்டைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடிவிடுவார். மறுநாள் காபியெல்லாம் குடித்துவிட்டு மெதுவாக வந்து திறப்பார். கூண்டோரம் தானாக முளைத்த ஒரு துவரைச் செடியும் அந்தத் தார்ப்பாய்க்குள் மாட்டிக்கொண்டது.

ஜூலை வந்தது. எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. நடைபாதையிலிருக்கும் தீயணைப்புக் குழாயில் ஹோஸை மாட்டி, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினோம். முறை என்று பெயர்தான். தினமும் ஒரு பஞ்சாயத்து. தக்காளி காய்த்துக் கொட்டியது. பஸ்ஸுக்கு நின்றவர்களைக்கூட விடாமல் பையில் திணித்து அனுப்பினோம். மிக்தாலியாவின் துவரையும் கொழுகொழுவென்று வளர்ந்தது. பூ மட்டும் இல்லை.

அந்த மாதக் கடைசியில் செஃபரினோ மூச்சு வாங்க என்னிடம் ஓடி வந்தார். "ஹைதே, வந்து பாரு. கூண்டாண்ட செடியில பூ."

போய்ப் பார்த்தோம். மஞ்சள் மஞ்சளாகக் கொத்துப் பூ. மிக்தாலியா அதன் முன் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"கோழி எருதான் காரணம்," என்றார் செஃபரினோ, ஏதோ தானே பூ வைத்தவர் போல.

அவ்வளவுதான். கூண்டைச் சுரண்டிச் சுரண்டி மிக்தாலியாவின் பாத்தியில் கொட்டினோம். தோட்டமே நாறியது. டோமினோ ஆட்டம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தது. செடிகள் இன்னும் இரண்டு சாண் உயர்ந்து இலையாகத் தள்ளினவே தவிர, ஒரு மொட்டு வரவில்லை. கூண்டுச் செடியில் பிஞ்சு பிடித்ததைச் சேவல் கொத்தித் தின்றுவிட்டது. மிக்தாலியா ஒருநாள் குடிசைப் படியில் உட்கார்ந்து, "பெட்டி எங்க வெச்சேன்னு தேடணும்," என்றாள். பயம் வந்தால் எனக்குக் கத்தத்தான் வரும்.

"எல்லாம் உன் விளக்கால வந்த வினை. ராத்திரியா பகலான்னு தெரியாம நானே கண்ண மூடி மாசக்கணக்காகுது. அதுக்கு நேர் கீழ நிக்கிற செடி எங்கடி தூங்கும்?"

மிக்தாலியா என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் சேவல் கூண்டைப் பார்த்தோம்.

"நம்ம ஊர்ல துவரை எப்பக் காய்க்கும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கிறிஸ்மஸுக்கு. ராத்திரி நீளமாகறப்ப."

"அந்தச் சேவல் செடி தார்ப்பாய்க்குள்ள சாயங்காலமே தூங்கப் போயிருதுடி."

அன்று மாலையே பழைய போர்வை, கம்பளி, திரைச்சீலை என்று ஆளுக்கொன்று கொண்டு வந்தோம். குச்சி நட்டு, வெயில் இருக்கும்போதே செடிகளை இருட்டாகப் போர்த்தினோம். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. டோமினோ ஆட்டம் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் மிக்தாலியா கை தட்டுவாள். எல்லாரும் எழுந்து, போர்வைக்கு நாலு மூலையாகப் பிடிப்போம். செஃபரினோ தாலாட்டுப் பாடுவார். அவர் குரலுக்குச் செடி தூங்கியதே பெரிய விஷயம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எங்களுக்கு என்ன வெட்கம்? இப்படிச் சிரித்து எத்தனையோ வருடமாகியிருந்தது.

செப்டம்பரில் அவள் பாத்தியில் பூ வந்தது. முதல் பூவைப் பார்த்த அன்று மிக்தாலியா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அழுததை யாரிடமும் சொல்லாதே என்று அவளை மிரட்டினேன்.

அக்டோபர் நடுவில் சொராய்தா வந்து இறங்கினாள். தங்கையைவிடக் குள்ளம், நாக்கு மட்டும் இரட்டிப்பு நீளம். தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "மூட்டை எங்க?" என்றாள். மிக்தாலியா அவள் கையில் கூடையைக் கொடுத்துத் துவரைப் பாத்திக்கு அழைத்துப் போனாள். மூட்டை இல்லை. ஒரு பானைக்கு ஆகும்.

குடிசை அடுப்பில் சோறு வெந்தது. பன்றிக்கறியும் மல்லித்தழையும் பூண்டும் மணக்க, சொராய்தா தட்டோடு உட்கார்ந்தாள். நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வாய் தின்றாள். இன்னொரு வாய்.

"பருப்பு கொஞ்சம் விறைப்பா இருக்கு," என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் மிக்தாலியா கை தட்டிவிட்டாள். நேரமாகியிருந்தது. தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் போர்வையைத் தூக்கிக்கொண்டு பாத்திக்குப் போனோம். செஃபரினோ பாடினார். திரும்பிப் பார்த்தால் சொராய்தா எங்கள் பின்னால் நின்றிருந்தாள்.

"என்னடி பண்றீங்க?"

"தூங்க வைக்கிறோம்க்கா. இல்லேன்னா காய்க்காது."

"நம்ம ஊர்ல ரோட்டோரம் நிக்கும். ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டோம்," என்றாள். பிறகு குடிசைக்குப் போய்த் தன் கைப்பையை எடுத்து வந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைத் தங்கை கையில் வைத்தாள். பிரித்தால், உரித்து ஐஸில் வைத்த பச்சைத் துவரை. பாதி உருகியிருந்தது.

"இது எதுக்குக்கா?"

"உன் செடி காய்க்காமப் போயிருந்தா, யாரும் பாக்காதப்ப பானையில போட்டுரலாம்னு கொண்டாந்தேன்."

மிக்தாலியா பேச்சில்லாமல் நின்றதை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். சொராய்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என் கையிலிருந்த போர்வையின் ஒரு மூலையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சரி சரி, இழுத்துப் பிடிங்க. இந்தப் பக்கமா வெளிச்சம் உள்ள போகுது."