சத்தமில்லாத தீவு

படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டே, "ரெண்டு பேரும் ஏறிடறீங்களா? இன்னிக்கு விட்டா அடுத்து எப்பன்னு சொல்ல முடியாது," என்றார். கேட்கும்போது அவர் கண் அக்கா தங்கை இருவர் மேலும் இல்லை. கடலுக்கு அப்பால், வானத்தின் அடி விளிம்பில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள்.

"நாங்க வரலண்ணா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருப்போம்னுதானே பேச்சு."

அக்கா தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். முந்தானையால் மேலுதட்டை ஒற்றிக்கொண்டாள். வியர்க்கிற அளவுக்கு வெயில் இன்னும் ஏறியிருக்கவில்லை.

இந்தப் பயணத்துக்காகச் சின்னவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பயண அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க ஊராரைக் கடற்கரை ஓட்டல்களுக்கு அனுப்பிவைப்பாள். அந்தக் கரைகளில் ஒலிபெருக்கியையும் வண்ணக் குடைகளையும் தவிர எதுவும் மிச்சமில்லை என்று அவளுக்குத் தெரியும். அக்காவோ தையல் ஆலையில் மிஷின் இரைச்சலுக்கு மேலே தொண்டை வறளக் கத்தியே காலத்தை ஓட்டியவள். வேலையிலிருந்து நின்ற அன்று, சத்தமே இல்லாத இடத்தில் நாலு நாள் கிடந்தால் போதும் என்று சும்மா சொல்லிவைத்தாள். சின்னவள் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். யாரையோ பிடித்து, யார் மூலமாகவோ இந்தத் தீவில் தங்க இடம் தருகிற வீட்டுக்காரியின் நம்பரை வாங்கி, துருவித் துருவி விசாரித்தாள். வேறு விருந்தாளி யாரும் இருக்கக் கூடாது, எங்களுக்கென்று தனியாகச் சமைக்கக் கூடாது, நீங்கள் சாப்பிடுவதையே சாப்பிடுகிறோம், நீங்கள் படுக்கிற பாயிலேயே படுத்துக்கொள்கிறோம் என்றெல்லாம் நிபந்தனை போட்டாள். போனை வைத்ததும் பைத்தியம் ஏதோ வருது என்று தன் புருஷனிடம் சொன்னதை, அவர்கள் வந்த அன்று வீட்டுக்காரியே சொல்ல, மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

படகு கண்ணுக்கு மறைந்த பிறகு தீவு இருந்த இருப்பு சின்னவளுக்குப் பிடிக்கவில்லை. காற்று அடியோடு நின்றிருந்தது. கொடியில் போட்ட துணி ஆடவில்லை. கரையில் ஓயாமல் சண்டை போடும் பறவைகளில் ஒன்றைக்கூடக் காணோம். ஆண்கள் மிச்சமிருந்த படகுகளை மேட்டுக்கு இழுத்து மரங்களோடு சேர்த்துக் கட்டினார்கள். வீட்டுக்காரி கூரைமேல் கயிற்றை வீசினாள். அந்தப் பக்கம் விழுந்த முனையை அக்கா எடுத்துக் கல்லில் இறுக்கிக் கட்டினாள். கட்டிவிட்டு இடது தோளைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"என்னக்கா?"

"நேத்து தண்ணிக் குடம் தூக்கினேன்ல. பிடிச்சுக்கிச்சு."

சின்னவள் நம்பினாள். நம்புவது வசதியாக இருந்தது.

மதியம் அக்கா சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு எழுந்துவிட்டாள். பாயை அவளே விரித்துப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் காற்று வந்தது. முதலில் மணல் வந்து சுவரில் விழுந்தது. பிறகு வீடு முழுவதும் ஒரே சீராக அதிரத் தொடங்கியது.

"கேக்குதாடி?" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல். "நம்ம மிஷின் மாதிரியே இருக்கு."

சின்னவள் சிரித்துக்கொண்டே ஜன்னல் பலகையைச் சாத்தப் போனாள். தாழ்ப்பாள் லேசில் விழவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளித் தாழிட்டுவிட்டு வந்தபோது, அக்காவின் கண் பாதி திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது பார்வை இல்லை என்று புரிய நேரமாயிற்று.

வீட்டுக்காரி ஓடிவந்து நெஞ்சில் காதை வைத்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள். மறுபடியும் நெஞ்சில் காதை வைத்தாள்.

"டாக்டரைக் கூப்பிடுங்க," என்றாள் சின்னவள்.

"டாக்டர் இங்க இல்லம்மா. நர்ஸம்மாதான் வெள்ளிக்கிழமை படகுல வருவாங்க." அவள் அக்காவின் கண்களை மூடினாள். "இனி யார் வந்தும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

யாரும் போய்ச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் காற்றிலும் மழையிலும் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி வெந்நீர் வைத்தாள். ஒருத்தி இதுவரை கட்டாத தன் புதுப் புடவையைக் கொண்டுவந்தாள். அக்காவைத் துடைத்தார்கள், தலை வாரினார்கள். நீ யார், எந்த ஊர் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. இந்தத் தீவு ஆட்களோடு ஆட்களாக இருக்க வேண்டும் என்று சின்னவள் அலுவலகத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள். இப்போது அவர்கள் நகர்ந்து, அவளைத் தங்களுக்கு நடுவில் உட்காரவைத்துக்கொண்டார்கள்.

பொழுது சாயும் முன் மழை விட்டது. தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும்தான் போன் எடுக்கும். சின்னவள் ஏறிப் போய் அக்காவின் புருஷனைக் கூப்பிட்டாள்.

"அத்தான், அக்கா..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

அவருக்குப் புரிந்துவிட்டது. அழுகிற சத்தம் கேட்கும் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை.

"மாத்திரை கையில இருந்துச்சா?" என்றார் கடைசியில்.

"என்ன மாத்திரை?"

மறுமுனையில் வெறும் இரைச்சல்.

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டா. சொன்னா நீ எல்லாத்தையும் ரத்து பண்ணிடுவியாம்." அவர் குரல் இறங்கியது. "டாக்டர் போக வேணாம்னுதான் சொன்னாரு. நீ ஆசை ஆசையா ஏற்பாடு பண்ணியிருக்கியாம், அவ கேக்கல."

லைன் அறுந்தது. சின்னவள் மறுபடி கூப்பிடவில்லை. காலையில் படகுக்காரருக்குச் சொல்ல அக்கா வாயெடுத்தாளே, அது என்ன பதிலாக இருந்திருக்கும் என்று மேட்டில் நின்று யோசித்தாள். ஏறுகிறேன் என்றா, இருக்கிறேன் என்றா. கீழே கடல் சேற்று நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது.

திரும்பி வந்து பையைத் துழாவினாள். அடியில், மடித்த துணிக்குள் மாத்திரை அட்டை இருந்தது. பாதி தீர்ந்திருந்தது.

மறுநாள் விடிந்து நன்றாக வெளுத்த பிறகு படகுக்காரர் சேதி கேட்டு வந்து சேர்ந்தார். தான் கூப்பிட்டதையும் அவள் மறுத்ததையும் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தூக்கிப் போகத் தோதான பலகை தீவில் கிடைக்கவில்லை. அவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து அந்த வீட்டின் வாசற்கதவையே கழற்றினார்கள். கீல் துருவேறியிருந்ததால் நேரம் பிடித்தது. அக்காவைக் கதவின் மேல் கிடத்தி, நழுவாமல் துணியால் சுற்றினார்கள்.

"உங்க வீட்டுக்கு..." என்று சின்னவள் ஆரம்பித்தாள்.

"கதவுதானேம்மா," என்றாள் வீட்டுக்காரி. "மெதுவா வரட்டும்."

ஆண்கள் தோள் மாற்றிக்கொண்டு மணலில் இறங்கினார்கள். வீட்டுக்காரி சின்னவளின் பையைத் தூக்கிக்கொண்டாள். திறந்து கிடந்த வாசல் வழியாக வெயில் அடுப்படிவரை விழுந்திருந்தது. கோழி ஒன்று படியேறி, தடுக்க எதுவும் இல்லாததில் சற்றுத் திகைத்து நின்றது. பிறகு நேராக உள்ளே போய், அக்கா படுத்திருந்த பாயின் மேல் ஏறிக் கொத்தத் தொடங்கியது.

வீட்டுக்காரி விரட்டக் கை தூக்கினாள்.

"இருக்கட்டும்," என்றாள் சின்னவள்.