முப்பத்தேழு பதிவுகள்

திண்டிவனம் ரோட்டில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது இளையபெருமாளின் கம்ப்யூட்டர் ஆபீஸ். வேலைக்கு வெண்மதி ஒருத்திதான். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு உயிருக்குப் பயந்து ஒளிந்திருப்பவர்களுக்கு உதவும் மீனம்பாளின் அமைப்புக்கு அவள்தான் இணையதளம் செய்து கொடுத்திருந்தாள். அதில் ஒரு படிவம்: பெயர், போன் நம்பர், தங்கியிருக்கும் இடம்.

அன்று காலை பதினோரு மணிக்கு நாலு பேர் படியேறி வந்தார்கள். முன்னறையில் சத்தம் உயர்ந்தது.

"எந்தம்பி பொண்ணு மஞ்சு அந்த மீனம்பா வெப்சைட்டுல எழுதியிருக்குது. லிஸ்ட்ட பிரிண்ட் போட்டுக் குடு. நீ இந்த ஊர்ல பொழைக்கணுமா வேணாமா?"

இளையபெருமாள் வெண்மதி இருந்த உள்ளறைக்குள் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. "வெண்மதி, அந்த லிஸ்ட்ட எடும்மா" என்றவர் திரும்பிப் போனார்.

வெண்மதி பதிவுகளைத் திறந்தாள். முந்தின நாள் மஞ்சு எழுதியது: அனந்தபுரத்தில் தோழி வீடு, தெருப் பெயரோடு. வெண்மதி கதவைச் சாத்திவிட்டு மீனம்பாளுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, வந்ததெல்லாம் எழுதி வச்சிட்டீங்களா?"

"நேத்து வரைக்கும் நோட்ல இருக்குது. இன்னாம்மா ஆச்சி?"

"மஞ்சுவத் தேடி இங்க வந்துட்டாங்க. ஒடனே வேற எடத்துக்கு அனுப்புங்க."

அன்று காலை வந்திருந்த ஒரே பதிவைக் கிசுகிசுப்பாகப் படித்துக் காட்டினாள். மீனம்பாள் எழுதிக்கொண்டாள்.

ஒவ்வொன்றாக அழிக்க நேரமில்லை. மொத்தமாக அழிக்க நாலு வரி நிரல் எழுதினாள். ஓட்டுவதற்கு முன் எத்தனை பதிவுகள் போகும் என்று கணினியிடம் கேட்டுப் பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டு என்றது. அமைப்பின் ரத்ததானப் படிவத்துக்கு வந்தவையும் அதிலேயே கிடந்தன. எந்தப் படிவம் என்ற எண்ணைக் குறிப்பிடாமல் விட்டிருந்தாள். சேர்த்தாள். முப்பத்தேழு. கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம். பொத்தானை அழுத்தினாள்.

கதவு திறந்தது. இளையபெருமாளோடு உள்ளே வந்த மஞ்சுவின் பெரியப்பா திரையைப் பார்த்தார். பட்டியல் காலி.

"இன்னாய்யா இது?"

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள் வெண்மதி.

"வேற எங்கனா காப்பி இருக்குதா?" அவர் இளையபெருமாளைக் கேட்டார்.

தினமும் விடியற்காலையில் ஒரு நகல் தானாக இன்னொரு கணினிக்குப் போகும். அந்த ஏற்பாட்டைச் செய்தவரே இளையபெருமாள்தான். அவசரத்தில் வெண்மதி அதை மறந்தே போயிருந்தாள்.

இளையபெருமாள் அவளை ஒரு கணம் பார்த்தார். "இல்லண்ணே. எழுதுனா நேரா அந்தம்மாவுக்குப் போயிடும். இங்க தங்காது."

"அப்புறம் எதுக்கு எடுக்கச் சொன்ன?"

"இருக்கும்னு நெனச்சேன்."

பெரியப்பா நாற்காலியை எட்டி உதைத்தார். நாலு பேரும் இறங்கிப் போனார்கள்.

"நகரும்மா" என்று இளையபெருமாள் அவள் இடத்தில் உட்கார்ந்தார். இருந்த நகல்களை எல்லாம் தேடித் தேடி அழித்தார். கடைசி நகல் போனபோது மீனம்பாள் அழைத்தாள். மஞ்சுவும் அவள் கணவனும் அனந்தபுரத்தை விட்டுக் கிளம்பியிருந்தார்கள்.

இளையபெருமாள் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"திரும்ப வருவானுங்க. வா, ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளெய்ண்ட் குடுத்துட்டு வந்துடுவோம்."